கிபிர் வந்த வருசம் எது?

போன வருசம் இங்கே லொகார்னோவுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் ஒன்று நடந்தது. வழமை போல மெழுகுதிரி, வழமை போல பேச்சு, வழமை போல கடைசியில் வடையும் தேத்தண்ணியும். பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். குரல் தழுதழுக்க, "தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவாலித் தேவாலயத்தின் மீது கிபிர் விமானங்கள் குண்டு பொழிந்தபோது..." என்று தொடங்கினார்.

எனக்குப் பக்கத்தில் அக்காவின் மகன் இருந்தான். பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்தவன். மெக்கானிக் வேலை பழகுகிறான். விமானம் என்றால் அவனுக்குப் பைத்தியம். குனிந்து என் காதுக்குள் கேட்டான்: "மாமா, கிபிர் தொண்ணூற்றாறிலதானே வந்தது?"

நான், "சும்மா இரு" என்றேன்.

அவன் சும்மா இருந்தான். வீட்டுக்குத் திரும்பி வரும்போதும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னதுதான் சரி. கிபிர் வந்தது 1996இல். நவாலி நடந்தது 1995 யூலை 9. அந்த மண்டபத்தில் இருந்த அரைவாசிப் பேருக்கு அது தெரியும். நாங்கள் அந்தச் சத்தங்களுக்குக் கீழே வளர்ந்தவர்கள். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு தலைமுறைக்குப் பிறகு பிறந்த ஒரு பொடியன் வாய் திறந்தான், அவனையும் நான் அடக்கிவிட்டேன்.

இது அந்தச் "சும்மா இரு"வுக்கு எதிராக எழுதுவது. முதலில் எனக்கு எதிராக, பிறகு உங்களுக்கு எதிராக. கோபம் வந்தால் வரட்டும்.

நான் ஆய்வாளன் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கப் போய் இரண்டாம் வருசத்தோடு விட்டுவிட்டு வந்தவன். இருபது வருசத்துக்கு மேலாக ஒரு ரெஸ்ரோரண்டில் வேலை. கோப்பை கழுவித் தொடங்கி, சலாட் வெட்டி, இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். ஆனால் ஒரு விமானப்படையின் சரித்திரத்தை வாசிக்க ஆய்வாளனாக இருக்கத் தேவையில்லை. அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் வாசிப்பதில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1951இல் 'றோயல் சிலோன் விமானப்படை' தொடங்குகிறது. 1972இல் நாடு குடியரசானதும் 'சிறிலங்கா விமானப்படை' ஆகிறது. 1985இல் இத்தாலியின் மார்ச்செட்டி வருகிறது. 1991இல் சீனாவின் எவ்-7 ஜெட் வருகிறது, அதற்காகக் கட்டுநாயக்காவில் 5ஆம் இலக்க ஸ்குவாட்ரன். 1993இல் ஆர்ஜென்ரீனாவிலிருந்து 4 புக்காரா. 1995இல் எம்ஐ-24 தாக்குதல் ஹெலிகளுக்காக 9ஆம் இலக்க ஸ்குவாட்ரன். 1996இல் இஸ்ரேலின் கிபிர், 10ஆம் இலக்க ஸ்குவாட்ரன். 2000இல் ஆனையிறவு விழுந்த கையோடு உக்ரைனிலிருந்து மிக்-27, அது பிறகு 12ஆம் இலக்க ஸ்குவாட்ரனுக்குப் போகிறது. 2008இல் இன்னும் 6 புதிய எவ்-7.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது எனக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு சத்தம் கேட்கும். உங்களுக்கும் கேட்கும். இந்தச் சரித்திரத்துக்கு எங்கள் சனம் வேறு பெயர் வைத்திருந்தது. சியாய்-மார்ச்செட்டியை யாரால் உச்சரிக்க முடியும்? அது 'சியாமாசெட்டி' ஆனது. ஏதோ கொழும்பில் கடை வைத்திருக்கிற செட்டியார் மாதிரி. மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்து பீப்பாக் குண்டை உருட்டி விடுகிற சரக்கு விமானத்துக்குப் பெயர் 'சகடை'. எவ்-7 'சுப்பர்சொனிக்'. ஆளில்லாமல் இரைந்துகொண்டு மேலே நிற்பது 'வண்டு'. வண்டு வந்தால் பின்னால் கிபிர் வரும் என்று வன்னியில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். அம்மா அடுப்பில் கறி கிளறியபடியே, "உது பெல், போகட்டும்" என்பார். "சியாமாசெட்டி, பங்கருக்குள்ள ஓடு" என்பார். ராடார் இல்லாத ஊரில் காதுதான் ராடார்.

அப்படி இருந்த நாங்கள்தான் இன்று எந்தக் குண்டு என்று கேட்டாலும் 'கிபிர்' என்கிறோம். 1986க்கும் கிபிர், 1990க்கும் கிபிர், 1995க்கும் கிபிர். கிபிர் என்பது எங்கள் வாயில் ஒரு விமானத்தின் பெயராக இல்லாமல் போய்விட்டது. சாமிக்குப் பயந்த பிள்ளைக்குப் 'பேய்' மாதிரி.

"அதுக்கென்ன? எந்த பிளேன் அடிச்சாலும் செத்தது செத்ததுதானே?" என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவரும் இதைத்தான் கேட்டார். கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

செத்தது செத்ததுதான். ஆனால் யார் கொன்றது என்று நாளைக்கு ஒருவர் முன்னால் போய் நின்று சொல்ல வேண்டி வந்தால்? ஒரு விமானத்துக்கு ஒரு ஸ்குவாட்ரன் உண்டு. ஸ்குவாட்ரனுக்கு ஒரு தளம் உண்டு, ஒரு கட்டளை அதிகாரி உண்டு. அன்றைக்கு எந்த விமானம் எத்தனை மணிக்கு என்ன குண்டோடு கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதைப் பதிந்து வைப்பது எந்த விமானப்படைக்கும் வழமை. எண்ணெய்க்குக் கணக்கு வேண்டும், எஞ்சினுக்கு மணித்தியாலக் கணக்கு வேண்டும், வேறொன்றுக்கும் இல்லாவிட்டாலும் அதற்காகவாவது எழுதத்தான் வேண்டும். ஆக, மேலேயிருந்து எழுதப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. கீழேயிருந்து எழுதப்பட்ட கணக்கு அதோடு பொருந்தினால் அது சாட்சியம். பொருந்தாவிட்டால் அது வெறும் ஒப்பாரி. 1995இல் கிபிர் அடித்தது என்று நீங்கள் சொன்னால், எதிரே இருப்பவர் மிகவும் மரியாதையாக, "ஐயா, அந்த வருசம் எங்களிடம் கிபிரே இல்லையே" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். நவாலி பொய் என்று அவர் நிரூபிக்கத் தேவையே இல்லை. நீங்களே அவருக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

நவாலியைப் பற்றியே பாருங்கள். அன்று 'முன்னேறிப் பாய்தல்' என்ற படை நடவடிக்கை தொடங்கிய முதல் நாள். சண்டை தொடங்கினால் கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய் இருங்கள் என்று சனத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. சனம் புனித பேதுரு பாவிலு தேவாலயத்தில் போய் இருந்தது. குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அதை வெளியே சொன்னபோது அரசாங்கத்துக்குச் செஞ்சிலுவை மீதுதான் கோபம் வந்தது. வந்தது புக்காரா என்றுதான் அங்கே இருந்த சனம் அன்றே சொன்னது. சரியாக ஐந்து நாள் கழித்து, யூலை 14இல், ஒரு புக்காரா சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானப் பிரியர்கள் எழுதுகிற புத்தகங்களைப் புரட்டினால் அந்தப் புக்காரா விழுந்த நாள் கிடைக்கும். ஒரு இரும்புப் பறவை செத்த நாள் துல்லியமாக இருக்கிறது. ஐந்து நாள் முந்திச் செத்த சனத்தைப் பற்றி அந்த விமானத்தின் சரித்திரத்தில் ஒரு வரி கிடையாது.

அதே வருசம் செப்ரெம்பர் 22. நாகர்கோவில் பள்ளிக்கூடம். மத்தியானம், பிள்ளைகள் மரத்துக்குக் கீழே நின்ற நேரம். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். 1999 செப்ரெம்பர் 15, புதுக்குடியிருப்பு மந்துவில் சந்தை. 2006 ஓகஸ்ட் 14, வள்ளிபுனம் செஞ்சோலை. இது கிபிர்தான், இதில் சந்தேகமில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட இளம் பெண்கள். அரசாங்கம் அதைப் பயிற்சி முகாம் என்றது. யுனிசெவ் அவர்கள் சுற்றுவட்டப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் என்றது. இவற்றில் ஒன்றைக்கூட எந்த ஸ்குவாட்ரன் விழாவிலும் வாசிக்க மாட்டார்கள். கொடி கொடுப்பார்கள், வர்ணம் கொடுப்பார்கள், பறந்த மணித்தியாலத்தைச் சொல்வார்கள். மணித்தியாலம் என்பது எவ்வளவு சுத்தமான அளவு பாருங்கள். அதில் இரத்தம் ஒட்டாது.

இந்த இடத்தில் சிங்களச் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது தமிழருக்கு எதிரான விமானப்படை என்று நாங்கள் சொல்கிறோம், இது நாட்டைக் காத்த விமானப்படை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது முதன் முதலில் யார் தலையில் குண்டு போட்டது என்று இரண்டு பக்கமும் மறந்துவிட்டது. 1971 ஏப்ரல். ஜேவிபிக் கிளர்ச்சி. 1950களின் கடைசியில் வாங்கி, பிறகு ஓரமாக நிறுத்தி வைத்திருந்த பிரித்தானிய ஜெட் புறொவொஸ்ற் விமானங்களைத் தூசி தட்டி எடுத்துத் தங்கள் நாட்டுச் சிங்களப் பொடியள் மேல்தான் முதலில் அடித்தார்கள். அவசரமாகச் சோவியத் யூனியனிடமிருந்து மிக்-17களும் வந்து இறங்கின. அந்த நாட்டின் முதல் மிக் விமானம் வந்ததே கிராமத்துச் சிங்கள இளைஞர்களை அடக்கத்தான். ஒரு விமானப்படை தன் முதல் குண்டைத் தன் சொந்தக் கிராமத்தில் போட்டது என்றால், இரண்டாவதை எங்கே போடும் என்று எதிர்பார்த்தீர்கள்?

'போர் விமானம்' என்ற சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள். சண்டை விமானம் என்றால் இன்னொரு விமானத்தோடு வானத்தில் சண்டை பிடிப்பது. எவ்-7 என்பது மிக்-21இன் சீனப் பிரதி. அது இடைமறிக்கவென்று செய்த விமானம். 1991இல் எதை இடைமறிக்க? புலிகளிடம் அன்று சைக்கிளும் டிரக்ரரும்தான் இருந்தன. மிக்-27இல் ஆறு குழல் 30 மில்லிமீற்றர் பீரங்கி இருக்கிறது. ஐரோப்பியச் சமவெளியில் நேட்டோவின் டாங்கிகளைக் கிழிக்கவென்று சோவியத்காரன் செய்தது. அது வன்னியில் பனை ஓலைக் கொட்டிலுக்கு மேலால் பறந்தது.

அந்த வானத்தில் உண்மையான அந்நியச் சண்டை விமானம் வந்தது ஒரே ஒரு தடவை. 1987 யூன் 4. வடமராட்சியில் படை நடவடிக்கை நடந்து, குடாநாடு பட்டினியில் கிடந்த நேரம். இந்திய விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானங்கள், மிராஜ்-2000 பாதுகாப்போடு வந்து, யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுப் பொதிகளைப் பரசூட்டில் போட்டன. 'பூமாலை' என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பத்து வயது. விமானச் சத்தம் கேட்டு ஓடாமல் எல்லாரும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எதிர்த்து ஒரு விமானமும் எழும்பவில்லை. எழும்ப அவர்களிடம் ஒரு சண்டை ஜெட்டும் அன்று இல்லை. அடுத்து வந்த வருசங்களில் இந்திய இராணுவம் எங்களுக்கு என்ன செய்தது என்பது வேறு கதை, அதை யாரும் மறக்கவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: வான் எல்லை மீறப்பட்ட அன்று ஸ்குவாட்ரன் இல்லை. ஸ்குவாட்ரன்கள் வந்த பிறகு எல்லை மீறிய விமானம் இல்லை, சனம்தான் இருந்தது.

இனி விற்றவர்களுக்கு வருவோம். நான் வேலை செய்கிற ரெஸ்ரோரண்ட் லாகோ மாஜோரே ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியின் வடக்கு முனை சுவிஸ். தெற்கு முனை இத்தாலி. அந்தத் தெற்கு முனையில், ரிச்சினோ ஆறு ஏரியை விட்டு வெளியேறுகிற இடத்தில், செஸ்தோ கலெந்தே என்று ஒரு சின்ன ஊர். சியாய்-மார்ச்செட்டிக் கம்பனி 1915இல் தொடங்கிய ஊர் அது. முதலில் தண்ணீரில் இறங்கும் விமானம் செய்தார்கள். பிறகுதான் எங்கள் சியாமாசெட்டி. இங்கே வந்து பல வருசங்களுக்குப் பிறகுதான் எனக்கு இது தெரிய வந்தது. அன்று வேலை முடிந்து பின்கதவால் வெளியே வந்து சிகரெட்டோடு நின்று ஏரியைப் பார்த்தேன். பதின்மூன்று வயதில் என்னைப் பங்கருக்குள் ஓட வைத்த சாமானும், நாற்பது வயதில் நான் சோறு தின்னுகிற இடமும் ஒரே தண்ணிக்கரையில்.

மார்ச்செட்டியை யாரும் குண்டு போடும் விமானமாக நினைத்து விற்பதில்லை. அழகான சின்னப் பயிற்சி விமானம். வடிவமைத்தவர் ஸ்தெலியோ ஃப்ராத்தி, விமானப் பிரியர்கள் கொண்டாடுகிற மனிதர். ஆனால் இறக்கைக்குக் கீழே ஆயுதம் கொளுவ இடம் வைத்த வகையும் இருந்தது. அந்த இடத்தில் நாங்கள் பூச்சட்டியா தொங்கவிடப் போகிறோம்? கிபிரைப் பாருங்கள். பிரெஞ்சு மிராஜின் உடல், இஸ்ரேலின் வேலை, அமெரிக்க எஞ்சின். எஞ்சின் அமெரிக்கனுடையது என்றபடியால் இன்னொரு நாட்டுக்கு விற்க அமெரிக்கன் சம்மதம் வேண்டும். ஹீப்ரு மொழியில் 'கிபிர்' என்றால் சிங்கக்குட்டி. சிங்கக் கொடிக்குச் சிங்கக்குட்டி. யாரும் திட்டம் போட்டுச் செய்த பொருத்தமில்லை, ஆனால் பொருத்தம்.

நான் இப்போது இந்த நாட்டுப் பிரசை. இங்கே சண்டை விமானம் வாங்குவதென்றால் சனத்தைக் கேட்கிறார்கள். 2014 மே 18இல் 22 கிரிப்பன் வாங்கவா என்று கேட்டார்கள். 53.4 வீதம் வேண்டாம் என்றது. வாங்கவில்லை. 2020 செப்ரெம்பர் 27இல் 600 கோடி பிராங்குக்குப் புது விமானம் வாங்கவா என்று கேட்டார்கள். 50.1 வீதம் ஆம். ஒன்பதாயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசம். நான் வேண்டாம் என்று போட்டேன், தோற்றேன். ஆனால் என்னைக் கேட்டார்கள். எங்கள் ஊரில் 2006இல் இரண்டாந்தர மிக்-27 நான்கு வாங்கினார்கள். 2000இல் வாங்கியதைவிடக் கூடின விலை ஏன் என்று கொழும்புப் பத்திரிகைகள் கேட்டன. கேட்டவர்களில் ஒருவர் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க. 2009 தை 8ஆம் திகதி அவரை வேலைக்குப் போகிற வழியில் கொன்றார்கள். கொன்றது யார் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் சிங்களவர். விமானக் கணக்கைக் கேட்பது தமிழனுடைய பிரச்சினை மட்டும் இல்லை.

சண்டை முடிந்து பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, 2021இல், ஐந்து பழைய கிபிரைப் புதுப்பிக்க ஏறக்குறைய 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருசம் ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தது. மருந்துக்கும் காஸுக்கும் கியூவில் நின்று செத்த சனத்தில் சிங்களவர்கள்தான் கூட. அந்தக் கிபிர் யாரை மிரட்டுவதற்கு?

இவ்வளவும் வாசித்துத் தலையாட்டியவர்களே, இனித்தான் உங்களுக்குப் பிடிக்காத பகுதி.

2007 மார்ச் 26 நினைவிருக்கிறதா? புலிகளின் சிலின் விமானம் கட்டுநாயக்காவில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. செக்கோஸ்லோவாக்கியாவில் யாரோ ஒரு பணக்காரன் ஞாயிற்றுக்கிழமை பறக்கிற சைஸ் விமானம். அன்று எங்கள் கிச்சினில் நான் கேக் வாங்கி வெட்டினேன். ஒளிக்கவில்லை. கட்டுநாயக்கா இராணுவத் தளம், கிபிர் அங்கிருந்துதான் வருகிறது என்று நியாயம் சொன்னேன். 2009 மாசி 20இல் கடைசிப் பறப்பு. ஒரு விமானம் கொழும்பில் வருமான வரித் திணைக்களக் கட்டடத்தில் போய் மோதியது. வரிக் கந்தோர். அன்றும் எங்களில் கனபேர் கைதட்டினோம். அந்த நேரம் முள்ளிவாய்க்காலை நோக்கிச் சனம் ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் மேலேயிருந்து விழுகிற குண்டுக்குக் கீழே இருப்பவன் யார் என்று தெரியாது என்பதை உலகத்தில் எங்களைவிட நன்றாக யார் அறிந்திருக்க முடியும்? எங்கள் கொப்பியில் அந்தத் திகதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் எழுதுவதும் இன்னொரு ஸ்குவாட்ரன் சரித்திரம்தான்.

2011 மார்ச் 1இல், விமானப்படையின் 60ஆம் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கும்போது இரண்டு கிபிர்கள் வானத்தில் மோதின. ஒரு விமானி செத்தார். அன்று நான் சந்தோசப்படவில்லை. துக்கப்படவும் இல்லை. அவருடைய அம்மா எப்படி அழுதிருப்பார் என்று மட்டும் ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணம் வர எனக்கு எத்தனை வருசம் எடுத்தது என்பதையும் யோசித்தேன்.

கொப்பி என்று சொன்னேன். அதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

1990 ஆனியில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபோது என் அப்பா ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்தார். அவர் ஒரு பெரிய ஆள் இல்லை, கிளறிக்கல் வேலை. எதையும் கட்டம் கீறி எழுதுகிற பழக்கம். திகதி, நேரம், என்ன விமானம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எங்கே விழுந்தது, யார் சொன்னது. ஆறு கட்டம். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டுவிட்டு, சிமினி வெளிச்சத்தில் எழுதுவார். தனக்கு நிச்சயமில்லாத கட்டத்தை வெறுமையாக விடுவார். சனம் ஐம்பது பேர் செத்தது என்று வந்து சொன்னால், "நீ கண்டனியோ?" என்று கேட்பார். கண்டிராவிட்டால் எழுத மாட்டார். எனக்கு அப்போது அது பெரிய பகிடி. "அப்பா எயார்போர்ஸுக்குக் கணக்கப்பிள்ளை" என்று சிநேகிதரோடு சொல்லிச் சிரிப்பேன். நான்கு கொப்பி நிரம்பியது.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணம் முழுவதும் கிளம்பி நடந்தபோது எங்கள் சைக்கிளில் அரிசிப் பையும், அப்பம்மாவும், அம்மாவின் தாலிக்கொடியும்தான் வந்தன. கொப்பி வரவில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது வீட்டில் கதவும் இல்லை, கூரையும் இல்லை, கொப்பியா இருக்கும்? அப்பா ஒருநாள்கூட அதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசியதில்லை. இப்போது அவரும் இல்லை. மேலே நான் எழுதிய திகதிகள் எல்லாம் வெளியே மற்றவர்கள் எழுதி வைத்த பெரிய சம்பவங்கள். எங்கள் ஒழுங்கையில், பக்கத்து ஊரில், இரண்டு பேர் மூன்று பேராகச் செத்த சின்னச் சம்பவங்கள் அந்தக் கொப்பியோடு போய்விட்டன. எனக்கு இடம் நினைவிருக்கிறது. சத்தம் நினைவிருக்கிறது. திகதி இல்லை. வருசமே சில நேரம் குழம்புகிறது. பிறகு எப்படி நான் மேடையில் நின்றவரைக் குறை சொல்வது?

ஆனால் அவரைத் திருத்தலாம். அதைத்தான் கேட்கிறேன். அவர்களுடைய ஸ்குவாட்ரன் சரித்திரத்தை எரிச்சலோடு மூடி வைக்காதீர்கள். வாசியுங்கள். எங்களுக்கு அது ஒரு உதவி. புக்காரா 1993க்கு முந்தி இல்லை, கிபிரும் எம்ஐ-24உம் நவாலிக்குப் பிறகுதான், மிக்-27 என்றால் 2000க்குப் பிறகு. இந்தச் சின்னக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவிடமோ மாமியிடமோ போய் இருந்து கேளுங்கள். "என்ன சத்தம் அம்மா? சியாமாசெட்டியோ, சுப்பர்சொனிக்கோ? மாமரம் பூத்த நேரமோ, மழையோ? தம்பி அப்ப நடந்தவனோ, தவழ்ந்தவனோ?" என்று கேளுங்கள். வருசம் தானாக வரும். எழுதுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பத்தை நூறு ஆக்காதீர்கள். பத்துப் பேர் செத்தது போதாதா உங்களுக்கு? எழுபது தாண்டிய அம்மாமார் இன்னும் எத்தனை வருசம் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

போன கிழமை மருமகனைக் கூப்பிட்டு, அன்று உன்னைச் சும்மா இரு என்று சொன்னது பிழையடா என்றேன். "பரவாயில்ல மாமா" என்றான். கோப்பில் ஒரு புதுக் கொப்பி வாங்கி வைத்திருந்தேன். அவனே அளவாக ஆறு கட்டம் கீறித் தந்தான். முதல் வரியில் எதை எழுதுவது என்று கேட்டான். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த திகதியிலிருந்து தொடங்குவோம் என்றேன்.

1987 யூன் 4. பின்னேரம். ஏஎன்-32, மிராஜ். வடக்கிலிருந்து. சாப்பாட்டுப் பொதி. நான் கண்டது.